பேன் சீப்பும் வசவும்

கயத்தாறு போகும் ரோட்டில் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போதுதான் மழை விட்டது. செருப்பைக் கையில் பிடித்திருந்தேன். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கித் தார் ரோட்டை விட்டுக் கரிசலில் காலை வைத்தால் போதும், ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிக்கொள்ளும். குச்சி ஒன்றை எடுத்து வழித்துப் போட்டுவிட்டு மறுபடி நடக்க வேண்டும். கோவில்பட்டி முதுகுக்குப் பின்னால் இருந்தது. மில் சங்கு ஒரு தடவை கேட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

இப்படி ஊரைவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். குளத்தூருக்குக் கிழக்கே உப்பளத்தில் கொஞ்ச காலம் வாரினேன், அதை விட்டும் நடந்தேன். மதுரையில் ஓட்டல், விருதுநகரில் சரக்குக் கிட்டங்கி, எதிலும் வேர் பிடிக்கவில்லை. ஒரு துணிப்பை, ஒரு போர்வை. ஆட்களை யாரையும் நினைப்பில் தூக்கிக்கொண்டு போனதில்லை. அன்றைக்கு மட்டும் ஒருத்தியின் பேச்சு கூடவே வந்துகொண்டிருந்தது. துரத்தினாலும் போகவில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யார் என்ன என்று விசாரித்துக்கொண்டு நாலு பேர் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவளுக்கு வேலை கெடும்.

அவள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். அதே ஆபீஸில் நான் மருந்து முக்குகிற அறையில் இருந்தேன். குச்சி அடுக்கிய கட்டையைத் தூக்கி மெழுகில் ஒரு முக்கு, மருந்தில் ஒரு முக்கு. அது ஆம்பளைகள் வேலை. காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது பொம்பளைகள் வேலை. ஒரு நீளக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒல்லி. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அதற்கு அடுத்தவருக்குக் கேட்காது. அப்படிப்பட்டவளை அத்தனை பேருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கொட்டகையின் கதவுதான்.

கொட்டகைக்கு ஒரே கதவு. எல்லாரும் உள்ளே போனதும் கணக்கப்பிள்ளை வெளியே பூட்டிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார். இடையில் யாரும் எழுந்து போய் நேரத்தை வீணாக்கக் கூடாதாம். மாட்டைக்கூட அவிழ்த்துக்கொண்டு ஓட முடிகிற மாதிரித்தான் கட்டுவார்கள். ஆனாலும் அந்தப் பூட்டை அதுவரை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

ஒரு மாசி மாதத்தில் உள்ளே ஒரு பெட்டி உரசித் தீப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் குவியலுக்குத் தாவியது. கணக்கப்பிள்ளை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டு நாங்கள் ரெண்டு பேர் ஓடிக் கடப்பாரையால் கொண்டியை நெம்பிப் பெயர்த்தோம். அதற்குள் மணலை அள்ளிப் போட்டு அவர்களே தீயை அமர்த்தியிருந்தார்கள். யாரும் சாகவில்லை. அவளுக்கு இடது பக்கத்து முடி காது வரைக்கும் பொசுங்கியிருந்தது.

எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டும் அழுதுகொண்டும் மண்ணில் கிடந்தபோது, அவள் பெயர்ந்து விழுந்த பூட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கணக்கப்பிள்ளை இரைக்க இரைக்க ஓடிவந்தார்.

“ஏட்டி, பூட்டக் குடு.”

“பூட்டு எங்ககிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி. சாவி ஒங்ககிட்ட இருக்கட்டும்.”

மறுநாள் கணக்கப்பிள்ளை புதுப் பூட்டோடு வந்தார். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. ஆபீஸுக்கு எதிரே வாகை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கதவைப் பூட்டக் கூடாது. கேட்டது அவ்வளவுதான். முக்குகிற அறைக்காரர்களும் வேலைக்குப் போகாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

முதல் வாரம் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. பங்குனி பிறந்ததும் சிரிப்பு குறைந்தது. வீட்டில் உலை வைக்க வழியில்லாதபோது முதலாளியை வைதால் ஆறுமே என்று தோன்றும். முதலாளி கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. எட்டுகிற தூரத்தில் அவள் இருந்தாள்.

முதலில் வந்தவள் பேச்சியம்மாள். கொட்டகையில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி. வாய்க்குப் பயந்து கணக்கப்பிள்ளையே அவளைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

“ஏட்டி, நீ பாட்டுக்குப் பூட்டத் தூக்கி முந்தானையில முடிஞ்சுகிட்ட. இப்ப எங்க வீட்டு அடுப்புல்லா பூட்டிக் கெடக்கு! ஒனக்கென்ன, ஒத்த வயிறு!”

அடி விழும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பேன் சீப்பை எடுத்து நீட்டிவிட்டு, பேச்சியம்மாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

“தலை அரிக்கி மதினி. பாத்துக்கிட்டே வையுங்க.”

பேச்சியம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் வெடுக்கென்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். முடியோடு தலையையும் சேர்த்து இழுத்தாள். ஒரு இழுப்புக்கு ஒரு வசவு. நகத்தில் பேன் நசுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நேரம் ஆக ஆக இழுப்பு தளர்ந்தது. வசவும் முதலாளி பக்கம், புருஷன் பக்கம், மழை பெய்யாத வானத்துப் பக்கம் என்று சுற்ற ஆரம்பித்தது. கடைசியில் சீப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் இவள் வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்டுல கம்பு இருக்கு மதினி, நாளைக்கு வாங்க. இடிச்சுக் கூழு காச்சி ரெண்டு பேரும் குடிப்போம்.”

அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆகிவிட்டது. அவளை வைய வேண்டும் என்று வருகிறவள் பேன் பார்க்க வேண்டும். சீப்பு அடுத்தவள் கையில் இருக்கும்வரை அவள் பதில் சொல்லமாட்டாள். எத்தனை கெட்ட வார்த்தை வந்தாலும் சரி. சீப்பு திரும்பி வந்த பிறகு ஒன்றோ இரண்டோ வார்த்தை. அந்தக் கோடையில் கோவில்பட்டியிலேயே பேன் இல்லாத தலை அவள் தலையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ‘தலை அரிக்கி’ என்றுதான் சொல்லுவாள்.

எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

“மூஞ்சியப் பாத்தா எனக்கும் கோவம் வந்துரும் அண்ணே. பதிலுக்கு ஒண்ணு சொல்லுவேன், அதோட போச்சு. முதுகக் காட்டி உக்காந்தா காதுக்கு மட்டும்தான வேலை. அவளுக்கும் கை சும்மா இருந்தா கல்லத் தேடும்.”

முதலாளிக்குச் சொந்தக்காரர் ஒருவர், கடைவீதியில் மண்டி வைத்திருந்தவர், குடையோடு வந்து ஒருநாள் சத்தம் போட்டார். பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது, ஊர்ப் பிழைப்பைக் கெடுக்கிறாய் என்றெல்லாம். அவள் தலை அப்போது ஒருத்தி மடியில் இருந்தது. நிமிராமலே சொன்னாள்:

“வரிசை இருக்கு அண்ணாச்சி. இவிய முடிச்சதும் நீங்க வாங்க. பேன் பாக்கத் தெரியும்லா?”

மரத்தடியே சிரித்தது. அவர் குடையை மடக்கவும் மறந்து, விரித்தபடியே டவுன் பஸ்ஸில் ஏறப்போய்ப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அதற்கு ஒரு தனிச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. மரத்துக்கு எதிரே நின்றது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றது. மரத்தடியில் இருந்தவர்கள் நெருங்கி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அவள் முந்தானையை விரித்து, பூட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். குறட்டை வேறு. சாயங்காலம் எழுந்ததும் ஜீப் போய்விட்டதா என்றுகூட அவள் பார்க்கவில்லை.

“எப்படி வருது ஒனக்குத் தூக்கம்?”

“கூலி போச்சு, சோறு போச்சு. தூக்கத்தையும் அவியளுக்கே குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?”

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் இரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. டீக்கடையில் ஒருநாள் அவள் தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படியும் டீ தளும்பிச் சேலையில் விழுந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். “கைதான நடுங்குது. நானா நடுங்குதேன்?” என்றாள். இன்னொரு நாள் விறகு அட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாத வாந்தி. நான் நழுவப் பார்த்தேன்.

“எதுக்கு ஒளியுதீங்க? போயிச் சொல்லுங்க, அவ பயந்து வாந்தி எடுக்கான்னு. எனக்கும் பயம்னு தெரிஞ்சாத்தான் அவளுக இருப்பாளுக. நான் பயப்படாதவன்னு நெனச்சா, அவளுக தனியால்லா பயப்படணும்.”

நான் போய்ச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேர் அவளுக்கு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பேச்சுவார்த்தைக்கு முக்குகிற அறையிலிருந்தும் ஒரு ஆள் வேண்டும் என்று வந்தது. நாலு எழுத்து வாசிக்கிறவன் என்று என்னைச் சொன்னார்கள். எனக்கு வேண்டாம், நான் இருக்கிற ஆளா போகிற ஆளா என்று தெரியாது என்றேன். அவள் சிரித்தாள்.

“அண்ணே, ஒங்களுக்கு வசவு ஒத்துக்கிடாது. அதான் ஊர் ஊரா ஓடுதீங்க. முன்னால நின்னா எல்லாரும் வைவாங்கள்லா.”

எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் நான் எழுந்து போய்விட்டேன்.

ஆனி மாதம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவளும் பேச்சியம்மாளும் போனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். ஜன்னல் திறந்திருந்தது. முதலாளி பேச்சியம்மாளைப் பார்த்தே பேசினார்.

“கதவப் பூட்டல. எழுதியும் தாரேன். எல்லாரும் வேலைக்கு வாங்க. இவ மட்டும் வேண்டாம்.”

இனி என்ன நடக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தோம். அவள் சரி என்பாள். நாங்கள் ஒரு மாலை வாங்கிப் போடுவோம். பொம்பளைகள் அழுவார்கள். மறுநாள் கொட்டகை திறக்கும். பசி அப்படி நினைக்க வைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“நானும் உள்ள வாரேன் மொதலாளி,” என்றாள் அவள். “நான் இல்லன்னா பூட்டு திரும்ப வரும்.”

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் ஆபீஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “ஒன் ஒருத்திக்காக இத்தன பேரும் பட்டினி கெடக்கணுமா? கேட்டது கெடச்சாச்சுல்லா? ஒதுங்கிப் போனா ஒன் கிரீடம் எறங்கிருமோ?”

அவள் இடுப்பிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினாள். பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். வாங்கவில்லை. திரும்பி நடந்துவிட்டாள்.

மறுநாள் மரத்தடிக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சீப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒரு வசவுகூட இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். ஜீப்புக்கு முன்னால் குறட்டை விட்டவள், அன்றைக்கு என்னிடம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“வையிறத நிறுத்திட்டாளுக அண்ணே.”

“நல்லதுதான? கொஞ்சம் நிம்மதியா இரு.”

“நல்லதா? வீட்டு ஆளத்தான் வைவோம். வேண்டாம்னு முடிவு பண்ணுன ஆளை எதுக்கு வையணும்? இப்பிடியே ரெண்டு நாள் போனா, ஒருநா காலையில அவளுகளாவே உள்ள போயிருவாளுக. நான் இங்கன மரத்தோட நிப்பேன்.”

“ஒதுங்கிக்கிட்டா என்னன்னு நெனச்சுப் பாத்தியா?”

“பாத்தேன். எல்லாரும் கும்பிடுவாங்க. ஆறு மாசத்துல கணக்கப்பிள்ளை பூட்டோட வருவாரு. எவ கேப்பா? கேட்டவ வீட்டுல இருக்கால்லான்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குக் கும்பிடும் வேண்டாம், மாலையும் வேண்டாம். எனக்கு அந்தக் கதவுக்கு உள்ள ஒரு எடம் வேணும்.”

சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் வீட்டைப் பார்த்து நடந்தாள். பேச்சியம்மாள் புருஷன் கை நீட்டுகிறவன் என்பதால் நானும் பின்னால் போனேன்.

பேச்சியம்மாள் முற்றத்தில் தண்ணீர்ப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள். இவள் போய்ப் பேச்சியம்மாளுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். தோளுக்கு மேலே சீப்பைப் பின்பக்கமாக நீட்டினாள். கை அப்படியே நின்றது. இறக்கவில்லை.

உள்ளே கட்டிலில் கிடந்த புருஷன் சத்தம் கொடுத்தான். “ஏட்டி, அவள வெளிய போகச் சொல்லு. ஒரு வீட்டக் கெடுத்தது போதும்.”

“நீரு சும்மா கெடயும்,” என்றாள் பேச்சியம்மாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சீப்பை வாங்கினாள்.

முதலில் நாலு இழுப்பு இழுத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு வசவைக் கேட்டதில்லை. இவள் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். இவளுடைய திமிர், இவளுடைய தூக்கம், இவளுடைய சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. இவள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் முடிந்து சீப்பு இடது பக்கம் போனது. அங்கே பொசுங்கிய முடி தூரிகை மாதிரிக் கட்டையாக முளைத்திருந்தது. சீப்பு சிக்கிக்கொண்டது. வசவும் நின்றது.

“அன்னைக்குத் தீக்கும் எனக்கும் நடுவுல நீதான இருந்த,” என்றாள் பேச்சியம்மாள்.

சீப்பு இன்னும் பேச்சியம்மாள் கையில்தான் இருந்தது.

“நான் கதவத் தட்டிக்கிட்டே இருந்தேன். நீ தீயில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்த.”

மறுபடி மெதுவாக வார ஆரம்பித்தாள்.

“நீ வெளிய போயிட்டா, நாளைக்கு எவனாவது பூட்டோட வந்தா நான் ஆரப் போயி வைய? சொல்லு. மொதலாளியவா வைய முடியும்? சவத்த மூதி, ஒன் ஒருத்தியத்தான வைய முடியுது.”

சீப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு கொண்டையை முடிந்தாள். முகத்தை ரெண்டு கையாலும் அழுத்தித் துடைத்தாள்.

“காலையில வந்துருங்க மதினி.”

காலையில் மரத்தடியில் முதல் ஆளாகப் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் அவளே போய் வைது இழுத்துவந்திருந்தாள். ஆடி முடிவதற்குள் முதலாளி இறங்கி வந்தார். தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய சரக்கு அவருக்கு நின்றுபோயிருந்தது. மனம் இளகினார் என்று யாரும் சொல்ல வேண்டாம். எல்லாரும் உள்ளே போனார்கள், அவளும் போனாள். முந்தானையில் இருந்த பழைய பூட்டைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஆணியடித்துத் தொங்கவிட்டாள். கணக்கப்பிள்ளை தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. கழற்று என்று அவர் ஒரு தடவை சொன்னார். “கை எட்டலை அண்ணாச்சி,” என்றாள், அதை மாட்டியவளே.

ஐப்பசி மழைக்கு மருந்து காயவில்லை. ஒரு நாள் காலையில் குச்சி கட்டை கட்டையாக வீணானது. கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்து வைதார். அப்பன் பேரை இழுத்தார். அவர் முடிக்கும் முன்பே நான் திரும்பினேன். பையை எடுத்தேன், போர்வையை மடித்தேன். எப்போதும் செய்கிறதுதான். கொட்டகையைத் தாண்டும்போது திறந்திருந்த கதவில் அவள் நின்றாள்.

“ஒரு வசவுதான அண்ணே?”

“எனக்கு இந்த ஊரு போதும்மா.”

“போங்க. ஆனா அடுத்த எடத்துல ஒருத்தன் வைஞ்சா முழுசாக் கேட்டுட்டு ஓடுங்க. பாதியில ஓடுனா மீதி கூடவே வரும்.”

வந்துகொண்டுதான் இருந்தது. ஓடைப் பாலம் தாண்டியும் வந்தது. காலில் ஏறிய கரிசலையாவது குச்சியால் வழித்துப் போட முடிந்தது.

கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு கொட்டகையில் படுத்தேன். விடிந்ததும் பக்கத்து மிளகாய் வத்தல் மண்டியில் வேலை கேட்டேன். மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மூட்டை தூக்க ஆளு இருக்கு. ஆளுகளை வச்சு வேலை வாங்குவியா? இங்கன இருந்த மேஸ்திரி ஏச்சுத் தாங்காம நேத்துப் போயிட்டான்.”

இந்த மாதிரி வேலைக்கு நான் எப்போதும் வேண்டாம் என்ற ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். வாயில் அது வந்துவிட்டது. எப்படியோ வேறொன்று வெளியே வந்தது.

“பாக்கேன் அண்ணாச்சி.”

பையை ஒரு ஆணியில் மாட்டினேன். வெயில் ஏறுவதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், கதவு அகலத்துக்கு மார்பு, தோளில் காய்ப்பு. தலைத்துண்டை உருவித் தரையில் அடித்தார்.

“ஏலே வெளியூர்க்காரா! நனஞ்ச மூட்டையெல்லாம் எந்தலையில, காஞ்ச மூட்டையெல்லாம் அவன் தலையிலயா? ஒன்னய எவம்லே மேஸ்திரி ஆக்குனது?”

மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் கண் ஆணியில் தொங்கிய பைக்குப் போனது. கால் அதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

நான் கீழே உட்கார்ந்தேன். பக்கத்தில் வாய் தைக்காத மூட்டை ஒன்று கிடந்தது. கோணி ஊசியை எடுத்துச் சணலைக் கோத்தேன். கை நடுங்கியதில் மூன்று தடவை தவறியது. நடுங்கட்டும்.

“இந்தச் சாக்கு வாயக் கொஞ்சம் பிடியும் அண்ணாச்சி,” என்றேன். “பிடிச்சுக்கிட்டே வையும்.”

அவர் என்னை முறைத்தார். அப்புறம் குனிந்து ரெண்டு கையாலும் சாக்கு வாயைச் சேர்த்துப் பிடித்தார். என் அப்பனிலிருந்து ஆரம்பித்தார். வத்தல் நெடியில் ரெண்டு பேருக்கும் தும்மல் வந்தது. தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பெரிய மூட்டை. நான் நெருக்கித் தைத்தேன்.